தீக்குச்சி கனம்

இந்த வட்டாரத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் 'லைட்டு அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் 'லைட்டு'. பழைய கார்களுக்கு டைமிங் வைக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கு உண்டு. முதல் சிலிண்டரில் தீப்பொறி விழும்போதெல்லாம் அது ஒரு தடவை பளிச்சென்று வெட்டும். எஞ்சினின் முன்பக்கம் சுழலும் புல்லியின் மேல் அதைப் பிடித்தால், ஓடுகிற புல்லி நின்றுபோன மாதிரித் தெரியும். புல்லியில் வெட்டியிருக்கிற மார்க் எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறது என்று படித்துக்கொள்ளலாம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் தீப்பொறி விழ வேண்டும். முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல். டைமிங் என்பது அவ்வளவுதான். முப்பது வருஷமாக அந்த விளக்கைப் பிடிக்காமல் ஒரு பழைய வண்டியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மச்சினன் இதற்கு நேர் எதிர். கல்யாணமாகி வரும்போது என் மனைவி கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் எட்டு வயசுத் தம்பியும்தான் என்று நான் கிண்டல் செய்வேன். என் வீட்டில் வளர்ந்தான். பெரியவனாகி, வேறு இரண்டு பட்டறைகளில் வேலை செய்துவிட்டு என்னோடு சேர்ந்தான். அவனுக்குப் பட்டறையில் 'காது' என்று பெயர். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைப்பான், கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொள்வான், கண்ணை மூடிக்கொள்வான். மற்ற கையால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். "இப்ப பாடுது மாமா" என்பான். உடனே போல்ட்டை இறுக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் உட்காருகிற இடத்தில், இரண்டின் மேலும் சேர்ந்து விழும்படி ஆணி முனையால் ஒரே ஒரு மெல்லிய கோடு கிழிப்பான். அது அவன் கையெழுத்து. என் வண்டிகளில் கிறுக்காதே என்று நான் திட்டாத நாளில்லை.

அவனுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றும் உண்டு. சாயங்காலம் அவன் கை கழுவிவிட்டுக் கிளம்பியதும், அவன் முடித்த வண்டிகளை நான் விளக்குப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டு டிகிரி, மூன்று டிகிரி தள்ளியிருக்கும். சத்தமில்லாமல் மார்க்குக்குக் கொண்டுவந்து இறுக்கிவிடுவேன். அவனிடம் சொன்னால் முகம் வாடிப்போகும் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம், நான் இல்லாவிட்டால் இவன் ஒன்றுமில்லை என்று தினமும் ஒரு தடவை எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தபால்காரரின் கார் வந்தது. மலைக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவர், அப்போதே ஓய்வு பெற்றுவிட்டார். எஞ்சின் மிஸ் ஆகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் ஐடிலில் நிற்கமாட்டேன் என்கிறது என்றார். காது மூன்று நாள் வேலை செய்தான். தீப்பொறியைக் கிளப்புகிற பாயின்ட்டை மாற்றினான், பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான், டைமிங் வைத்தான். அன்று சாயங்காலம் நான் விளக்குப் பிடித்தேன். தீப்பொறி பத்து டிகிரி முந்தி விழுவதாக மார்க் காட்டியது. இரண்டோ மூன்றோ அல்ல, பத்து. எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. மார்க்குக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். பட்டறையைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. வயசான வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தபால்காரர் வண்டியை எடுத்துப்போன நான்காம் நாள் மத்தியானம் அவர் மனைவிக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. அந்த அம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, மலையைத் தாண்டி இந்தப்பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். ஏற்றத்தில் வண்டிக்கு இழுவை இல்லை. சூடு ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு மூன்று வளைவு இருக்கும்போது ரேடியேட்டர் கொதித்து, எஞ்சின் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பாதையில் ஒரு வண்டிகூட வரவில்லை. அந்த அம்மா பின் சீட்டிலேயே போய்விட்டார்.

மறுநாள் லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். நான் பார்த்தேன். தீப்பொறி இருந்தது, பெட்ரோல் வந்தது, டைமிங் நான் வைத்த மார்க்கிலேயே அசையாமல் நின்றது. தண்ணீர் ஊற்றியதும் எஞ்சின் ஓடியது. டைமிங் சரி என்றால் கார்பரேட்டர்தான், அதைத் தொட்டது அவன். வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இவன் காதை நம்பி ஒரு உசிரு போயிடுச்சு."

அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டு இறங்கிப் போனான். கடைசியாக அந்த எஞ்சின் மேல் இருந்தது என் கை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தப்பைத் திருத்தியது ஒரு வேலையா, அதைப் போய் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் ஒரு எஞ்சினையும் தொடவில்லை. அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் சேர்ந்தான். காரில் ஏறுவதையே விட்டுவிட்டான் என்றும், எங்கே போவதென்றாலும் சைக்கிள்தான் என்றும் கேள்விப்பட்டேன். என் வீட்டுப் படியேறி ஆறு வருஷம் ஆகிறது. என் மனைவி மாதம் ஒரு முறை அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அதே கார் மறுபடி லாரியின் பின்னால் வந்து நின்றது. கூட வந்தது தபால்காரரின் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவுக்கு சிறுநீரகம் போயிடுச்சுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ணணும். வாடகை வண்டிக்காரங்க மேல வரமாட்டேங்கறாங்க. இந்த வண்டி ஓடியே ஆகணும்" என்றாள்.

"வேற பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாதாம்மா?"

"அப்பாதான் சொன்னாரு. கடைசியா தொட்டவங்களே பாக்கட்டும்னு."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். சாவி என் கையில் கனத்தது. இந்தத் தடவை அது மலையேறாவிட்டால் பின் சீட்டில் இருக்கப்போவது அவளுடைய அப்பா.

ஆறு வருஷம் தபால்காரர் வீட்டில் போர்வைக்குள் கிடந்த எஞ்சின் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். முன்பக்க ஓட்டையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தேன். நாலும் ஒன்றுபோல இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"வண்டிய நடுவுல யாராவது ஓட்டினாங்களாம்மா?"

"இல்லீங்க. ஓட்டல. உங்க மச்சினன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாருல்ல, அவரு பிளக்கக் கழட்டி, உள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால சுத்தி வெச்சிட்டுப் போவாரு. எஞ்சின் இறுகிடக் கூடாதுன்னு."

"ஞாயித்துக்கிழமையா?"

"உங்களுக்குத் தெரியாதா? அம்மா போனதுலேர்ந்து வராரு. அடுப்புக்கு விறகு வெட்டுவாரு, கூரை ஒழுகினா ஏறிப் பாப்பாரு. பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள்ல ஏறி வருவாரு. அப்பா அவரோட பேச மாட்டாரு. அவரும் வாசலைத் தாண்டி உள்ள வந்ததில்ல."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதை நிறுத்துவதற்காகவே எழுந்து வேலையைப் பார்த்தேன்.

முறைப்படிதான் போனேன். டாங்கைக் கழுவி புது பெட்ரோல் ஊற்றினேன். பிளக், பாயின்ட், கண்டன்சர், ஒயர் எல்லாம் புதுசு. கார்பரேட்டரைக் கழற்றினேன். அவன் கழுவி மூடியபடியே இருந்தது. சின்ன ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தூசி இல்லை. இதில் குற்றம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தேன். மூடி வைத்தேன். காற்று எங்காவது திருட்டுத்தனமாக உள்ளே போகிறதா என்று எல்லா இணைப்பையும் சோதித்தேன். இல்லை.

எஞ்சினை ஓட்டி விளக்குப் பிடித்தேன். மார்க் கனகச்சிதமாக இருக்க வேண்டிய எண்ணில் நின்றது. எஞ்சின் மட்டும் அடிபட்ட நாய் மாதிரி நடுங்கியது. ஐடிலில் விட்டுவிட்டு ஒரு இழுப்பு, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகுதான் வேகம். கால் மணி நேரத்தில் சைலன்சர் குழாய் ஆரம்பிக்கிற இடம் சிவக்கத் தொடங்கியது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை மாட்டினேன். முள் ஆடவில்லை. ஆடாமல் தாழ்வாக நின்றது. வால்வு கெட்டிருந்தால் முள் துடிக்கும். துடிக்காமல் தாழ்ந்து நின்றால் தீப்பொறி பிந்தி விழுகிறது என்று அர்த்தம். இது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். பிந்தவில்லை என்று என் விளக்கு சொன்னது.

எனக்குக் கோபம் வந்தது. வண்டி மேல், மீட்டர் மேல், யார் மேல் என்றில்லாமல் வந்தது. மீட்டரை மாற்றினேன். விளக்கையும் மாற்றினேன், பக்கத்துப் பட்டறையில் போய் இரவல் வாங்கி வந்தேன். அதுவும் அதையே சொன்னது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில், செய்யவே மாட்டேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் செய்தேன். விளக்கை அணைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, காதை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினேன்.

நடுக்கம் நின்றது. மீட்டர் முள் மெல்ல ஏறி, ஏற வேண்டிய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. சத்தம் இழைந்து ஒன்றாயிற்று. எனக்குப் பாட்டு கீட்டு தெரியாது. ஆனால் அவன் 'பாடுது' என்று எதைச் சொன்னான் என்று அப்போது தெரிந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து டிகிரி முந்தி விழுவதாகக் காட்டியது. அதே பத்து.

அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மார்க்.

ஒரு பழைய பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அதற்குள் ஒரு போல்ட்டை வைத்து வெல்டிங் செய்தேன். அதை முதல் சிலிண்டரில் திருகினேன். கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து அந்த போல்ட்டில் முட்டி நிற்கும். நின்ற இடத்தில் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. அதில் பொய்க்கு இடமில்லை, இரும்பு இரும்பில் முட்டுகிறது. நடுவை அளந்து குறித்தேன். புல்லியில் வெட்டியிருந்த மார்க் அங்கே இல்லை. ஒரு கட்டைவிரல் நகம் அளவு தள்ளி இருந்தது.

அந்த எஞ்சினில் புல்லி ஒரே இரும்பு அல்ல. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், நடுவில் அதிர்ச்சி தாங்க ஒரு ரப்பர் பட்டை. மார்க் வெளி வளையத்தில் இருக்கிறது. ரப்பர் வயசாகி விட்டுப்போனதில் வளையம் வழுக்கிப் பின்தங்கியிருக்கிறது. பின்தங்கிய மார்க்கை வைத்துப் பார்த்தால், சரியாக விழுகிற தீப்பொறிகூட முந்தி விழுவதாகத்தான் தெரியும். முந்துகிறது என்று நம்பி நான் பத்து டிகிரி பின்னால் தள்ளினேன். பிந்திய தீப்பொறி தட்டையான ரோட்டில் மந்தமாகத் தெரியும். மலை ஏற்றத்தில் எஞ்சினைக் கொதிக்க வைக்கும்.

ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து டிஸ்ட்ரிபியூட்டர் உட்காருகிற இடத்தைத் துடைத்தேன். ஆறு வருஷ அழுக்கு கழன்று வந்தது. அவன் கோடு அங்கே இருந்தது. எஞ்சின் மேல் பாதி, டிஸ்ட்ரிபியூட்டர் மேல் பாதி. காதை வைத்து நான் திருப்பி நிறுத்தியிருந்த இடத்தில் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாக நின்றன. பழையபடி, அன்று நான் இறுக்கிய இடத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கோடு பிரிந்தது. நடுவில் ஒரு தீக்குச்சி கனம்.

அந்த அம்மாவைக் கொன்றது நான். இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சாயங்காலங்களில் திருத்தியது உட்பட. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "நான் ஒரு நாளாவது அவன் செஞ்சிருப்பான்னு சொன்னேனா? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"எப்படிடீ சொல்றது?"

"அன்னிக்கு சொன்னீங்களே, நாலு பேரு கேக்கற மாதிரி. அப்படித்தான்."

அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிகிற நேரம் வரை நின்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் அவன் கேட்டது, "அக்காவுக்கு என்ன?" என்றுதான்.

"அக்கா நல்லாத்தான் இருக்கா. நீ பட்டறைக்கு ஒரு நிமிஷம் வரணும்."

"அந்த வண்டி வந்திருக்கா மாமா?"

"வந்திருக்கு."

அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் கூட நடந்து வந்தான். பட்டறையில் பானெட்டைத் திறந்து, கைவிளக்கைப் பிடித்து, அழுக்கு துடைத்த இடத்தைக் காட்டினேன். பிரிந்த கோடு பிரிந்தபடி இருந்தது. சாக்பீஸ் கோடுகள் புல்லியில் அப்படியே இருந்தன. நான் விளக்கத் தேவை இருக்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான். கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தான். பிறகு புல்லியைப் பார்த்தான். நகத்தால் அந்த ரப்பரைக் குத்திப் பார்த்தான்; அது பொடியாக உதிர்ந்தது.

"நீ போனதுக்கப்புறம் நான் திருப்பினேன். எப்பவும் திருப்புவேன். உங்கிட்ட சொன்னதில்ல" என்றேன்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"நீங்க சாயங்காலம் லைட் புடிச்சுத் திருப்புறது. காலைல வந்து பாத்தா என் கோடு பிரிஞ்சிருக்கும். முதல் வருஷத்துலேர்ந்தே தெரியும்."

அவன் நிமிரவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த பானெட்டத் திறப்பேன். பிளக்கக் கழட்டுவேன், சுத்துவேன், மூடிடுவேன். இந்த இடத்த மட்டும் தொடச்சுப் பாக்க மாட்டேன். ஒரு துணி போதும், தெரிஞ்சிருக்கும். பாக்கல."

"ஏன்டா?"

"பிரிஞ்சிருந்தா அப்புறம் நீங்கன்னு ஆயிடுமே மாமா. நீங்கன்னு ஆனா அக்கா எங்க போவா? நானே இருந்துட்டா கதை அதோட முடிஞ்சுது."

நான் அழுதேன். வெட்கப்படவில்லை. ஐம்பத்தெட்டு வயசில், திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில், துணியால் முகத்தைத் துடைத்ததில் மண்ணெண்ணெய் கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது. மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் ஸ்பேனரை எடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கினான்.

"அந்தப் பெரியவர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

மறுநாள் வளையம் வழுக்காத ஒரு புல்லி தேடிப் பிடித்து மாட்டினோம். மார்க், விளக்கு, காது மூன்றும் ஒன்றாயின. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மலையேறினோம். நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில், கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தபால்காரர் மலைக்கு அந்தப்பக்கம் என்பதால், அந்த மூன்று வளைவுகள் எங்களுக்கு இறக்கத்தில் வந்தன. நான் நிறுத்தாமல் கீழே வரை போனேன். அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, அன்று அவர் வந்த திசையிலேயே மறுபடி ஏறினேன். ஏற்றம் தெரியாமல் ஏறியது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. மூன்று வளைவும் மூச்சு வாங்காமல் கடந்து போயிற்று. அங்கே அது நின்றிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உச்சியில் திருப்பி, மறுபடி இறங்கி வீட்டுக்குப் போனபோது தபால்காரர் ஜன்னலோரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். மகள் அன்றைக்கு லீவு, அவருக்கு மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன் வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"வாங்க தம்பி, உக்காருங்க. வண்டி சத்தம் கேட்டுச்சு. நல்லா இருக்கு" என்றார்.

நான் உட்காரவில்லை. சொன்னேன். மார்க் வழுக்கியது, நான் திருப்பியது, திருப்பியதை மறைத்தது, பழியை அவன் தலையில் போட்டது. ஒன்றையும் விடவில்லை. வாசலில் நிற்பவனுக்கும் கேட்கும்படியே சொன்னேன். மகள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எவ்வளவு திருப்பின?"

"ஒரு தீக்குச்சி கனம்."

ஜன்னல் மாடத்தில் அடுப்புக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எட்டி எடுத்தார். ஒரு குச்சியை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். அதை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"அவளுக்குத் தாகமா இருக்குன்னு சொன்னா. இருந்த தண்ணிய நான் ரேடியேட்டர்ல ஊத்திட்டேன்" என்றார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுசு போலிருந்தது. "வண்டி கெளம்பிடும்னு நெனச்சேன். ஒரு வாய்கூட மிச்சம் வெக்கல."

அவர் வாசலைப் பார்த்தார்.

"இந்தப் பையன நான் ஒரு நாள்கூட உள்ள வந்து உக்காருன்னு சொன்னதில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் குரலை உயர்த்தினார். "உள்ள வாப்பா. வந்து உக்காரு."

மச்சினன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதன் நுனியில் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வரும்போது சொன்ன 'வாங்க தம்பி' அவர் குரலில் இப்போது இல்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமை நீ வா" என்றார்.

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். விறகு கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. கோடாலி எங்கே இருக்கும், எந்தக் கட்டை முதலில் பிளக்கும் என்பதையெல்லாம் மச்சினன் முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தான்.